காத்திருந்த கூலி யாருக்கு?

மோட்டார் வாங்குவது இந்தக் காலத்தில் மிகவும் சுலபமான காரியமாகிவிட்டது. பாங்கிக்காரர்கள் பணம் தருகிறார்கள். விற்பனைக் கம்பெனியார் மாலை போட்டு, மிட்டாய் கொடுத்து, ஆள் உயரத்துக்கு அட்டையில் ஒரு சாவி செய்து அதைக் கையில் பிடிக்கச் சொல்லிப் படமும் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் வாங்கிய வண்டியை வைத்துக் காப்பாற்றுவது வேறு விஷயம். கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வருவார்கள். குடித்தனத்தை நாம்தானே நடத்த வேண்டும்?

மார்த்தாண்டத்திலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதமும், அதனுடன் ஒரு பில்லின் நகலும் அனுப்பியிருக்கிறார். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். வண்டியில் கிளச்சு கெட்டுப் போனதால் அதை ஒரு கம்பெனியின் ஸர்வீஸ் நிலையத்தில் விட்டாராம். செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொன்ன வண்டி, உதிரிப் பாகம் வரவில்லை என்பதால் சனிக்கிழமைதான் தயாராயிற்று. அந்தச் சமயம் பார்த்து அவருடைய தாயார் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். ஒன்பது நாள் கழித்துப் போய் வண்டியைக் கேட்டபோது பில்லின் கடைசி வரியில் இப்படி இருந்தது: "வண்டி நிறுத்தக் கட்டணம், 6 நாள், நாளொன்றுக்கு ரூ. 300, ஆக ரூ. 1,800." முதல் மூன்று நாளைக்குத் தயவு செய்து விட்டுவிட்டார்களாம்!

அன்பர் கடிதத்தை முடிக்கும் இடம் சுவையானது. "யாத்திரிகர்களைச் சுசீந்திரத்துக்குக் கூட்டிப் போகிறேன். அவர்கள் தாணுமாலயப் பெருமானைத் தரிசித்து வரும் வரையில் வெளியே நிற்கிறேன். அதற்கு மணிக்கு இவ்வளவு என்று வெயிட்டிங் சார்ஜ் வாங்குகிறேன். என் வண்டி அவர்கள் கொட்டகையில் காத்திருந்தது. அதற்கு அவர்கள் என்னிடம் வாங்கினார்கள். எல்லாம் சரி. செவ்வாய் முதல் சனி வரை நான் காத்திருந்தேனே, அதற்கு நான் யாரிடம் வாங்குவது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், எதிர்க்கட்சியின் நியாயத்தையும் கேட்டுவிடுவோம்.

நாகர்கோவிலில் நிலம் விற்கும் விலை எல்லோருக்கும் தெரிந்ததே. பத்து வண்டி நிற்கக்கூடிய இடத்தில் பழுது தீர்ந்த ஆறு வண்டிகள் சொந்தக்காரரை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தால், அன்று வேலைக்கு வரும் வண்டிகளை எங்கே நிறுத்துவது? வெளிநாட்டிலே உத்தியோகம் பார்ப்பவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். "நான் அடுத்த மாதம் லீவில் வருகிறேன், அதுவரை வண்டி அங்கேயே இருக்கட்டும்" என்று டெலிபோனில் சொல்லிவிடுகிறவர்களும் அவர்களில் இல்லாமல் இல்லை. கம்பெனியின் கொட்டகை சொந்த வீட்டுக் கொட்டகையைவிடப் பத்திரமானது, காவற்காரன் உண்டு, வாடகையும் இல்லை! இப்படிப்பட்ட அன்பர்களுக்காகவே இந்தக் கட்டணம் பிறந்தது என்று சொன்னால் அதை அநியாயம் என்று தள்ளிவிட முடியாது.

ரயில்வேக்காரர்கள் வெகு காலமாகச் செய்து வருவதுதான் இது. குறித்த நேரத்துக்குள் ரயில் வண்டியிலிருந்து சரக்கை இறக்காவிட்டால் 'டெமரேஜ்' என்று தண்டம் விதிப்பார்கள். நாஞ்சில் நாட்டுக்கு இந்தச் சொல் சற்றுத் தாமதமாகவே வந்தது. ஏனென்றால், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்ததே 1979-ம் வருஷத்தில்தான். திருநெல்வேலிப் பாதை 1981-இல் திறந்தது. அதுவரையில் நமக்கு ரஸ்தாவும் மோட்டாரும்தான் கதி.

அதனால் மோட்டார் பழுது பார்க்கும் வித்தையில் இந்தப் பக்கம் பின்தங்கியிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. குமரிப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த நாளில், 1938-ம் வருஷம் பிப்ரவரி 20-ந் தேதி, சமஸ்தானத்தார் தங்கள் சொந்த பஸ் போக்குவரத்தை ஆரம்பித்தார்கள். லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தில் வேலை பார்த்த ஸால்டர் என்பவரைத் தருவித்து, சீமையிலிருந்து அடிச்சட்டங்களை வரவழைத்து, மேல் கூண்டுகளை இங்கேயே தங்கள் பட்டறையில் கட்டச் செய்தார்கள். பஸ் ஓட வேண்டுமானால் பட்டறையும் பக்கத்திலேயே வேண்டும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள்.

சரி, இப்போது அன்பரின் கேள்விக்கு வருவோம். சட்டம் என்ன சொல்லுகிறது?

1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இன்றும் அமுலில் இருக்கிறது. ஒருவர் தம் பொருளை மற்றொருவரிடம் ஒப்படைத்து, அவர் தம் உழைப்பையோ திறமையையோ அதில் செலவிட்டால், அந்த வேலைக்குரிய கூலி கிடைக்கும் வரையில் பொருளைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்று அதன் 170-வது பிரிவு கூறுகிறது. வேறு நிபந்தனை பேசிக்கொள்ளாவிட்டால் இதுதான் விதி. தையற்காரர், பொற்கொல்லர், மோட்டார் கம்பெனி எல்லோருக்கும் இது பொது. ஆனால் அந்த உரிமை, அந்தப் பொருளின் மேல் செய்த வேலைக்கு உரிய கூலிக்காக மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். அதே சட்டத்தின் 161-வது பிரிவு மறுபக்கத்தைப் பார்க்கிறது. உரிய காலத்தில் பொருளைத் திருப்பித் தராதது வைத்திருப்பவரின் குற்றமானால், அந்த நேரம் முதல் அந்தப் பொருளுக்கு நேரும் சேதத்துக்கு அவரே பொறுப்பாளி. ஆகவே தாமதத்துக்கு இரு பக்கமும் விலை உண்டு என்பது நம் சட்டத்துக்கு 1872-லேயே தெரியும்.

இங்கிலாந்தில் இதைப் பற்றி ஒரு வேடிக்கையான வழக்கு நடந்திருக்கிறது. 'பிரிட்டிஷ் எம்பயர்' என்று ஒரு கப்பல். ஸோம்ஸ் என்பவரின் துறையில் அது பழுது பார்க்கப்பட்டது. கூலி கைக்கு வரும் வரையில் கப்பலை விட முடியாது என்று அவர் நிறுத்திக்கொண்டார்; அதோடு விடாமல், நிறுத்திய ஒவ்வொரு நாளுக்கும் துறை வாடகையும் கேட்டார். பிரபுக்கள் சபை 1860-ம் வருஷத்தில் அதை மறுத்துவிட்டது. கூலிக்கு ஈடாகத் தம் நன்மைக்காகவே பொருளைப் பிடித்து வைத்திருப்பவர், பிடித்து வைத்த செலவையும் சொந்தக்காரன் தலையில் கட்ட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சீமைத் தீர்ப்பு நம் கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது. என்றாலும் நியாயம் கப்பலுக்கு ஒன்று, காருக்கு ஒன்றா?

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கலாகாது. பில்லில் தகராறு என்று கம்பெனி வண்டியைப் பிடித்து வைப்பது ஒன்று. வண்டி தயார், பணத்தைக் கட்டி எடுத்துப் போங்கள் என்று சொல்லியும் நாம் போகாமல் இருப்பது வேறொன்று. நம் அன்பரின் நிலைமை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. கட்டணம் முன்கூட்டியே ஜாப் கார்டில் அச்சிட்டிருந்து, அவர் கையெழுத்தும் போட்டிருந்தால், 1,800 ரூபாயை முழுவதும் தள்ளிவிட அவருக்கு வழி இருப்பதாகத் தோன்றவில்லை. அதே சமயம், வாக்களித்த நாளைத் தாண்டி நான்கு நாள் அவர் தொழிலை நிறுத்திய தாமதத்தை, சேவைக் குறைபாடு என்று எடுத்துச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. செவ்வாய்க்கிழமை என்று எழுத்தில் வாங்கியிருந்தாரா என்பதுதான் கேள்வி. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை!

இங்கேதான் நம்மவர்களின் பலவீனம் இருக்கிறது. நாஞ்சில் நாட்டு விவசாயி கால்வாய்த் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருக்கிறவர். இன்ன மடைக்கு இன்ன நாள் என்ற கணக்கை ஒரு நாழிகை பிசகினாலும் விடமாட்டார். அவரே ஸர்வீஸ் நிலையத்துக்குப் போனால், மேஜையருகில் உட்கார்ந்திருக்கும் இளைஞனிடம், "மக்கா, எப்ப வரட்டும்?" என்று கேட்கிறார். "சாயங்காலம் போன் பண்ணுகிறோம், ஸார்" என்கிறான் அவன். அவ்வளவுதான் ஒப்பந்தம்! கீழே பொடி எழுத்தில் இருபது நிபந்தனை இருக்கும் காகிதத்தில் கண்ணாடியைக் கூட எடுத்துப் போடாமல் கையெழுத்திட்டுவிட்டு வந்துவிடுகிறார். நிறுத்தக் கட்டணம் எழுத்திலே இருக்கிறது. வண்டி தரும் நாள் மாத்திரம் வாயிலே இருக்கிறது. பின்னால் வழக்கு என்று வந்தால் எது நிற்கும்?

இந்தக் காரணத்தால் விஷயம் விபரீதமாகப் போவதும் உண்டு. விபத்துக்கு உள்ளான வண்டிகளைப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பரிசோதகர் வர வேண்டும். மதிப்பீடு ஆக வேண்டும். அனுமதி வர வேண்டும். இவ்வளவுக்கும் வண்டி பட்டறையில்தான் கிடக்கும். நாளுக்கு 300 ரூபாய் வீதம் நூறு நாள் நின்றால் 30,000 ரூபாய்! வண்டியை இழந்தவர் கொட்டகை வாடகையையும் இழக்க நேரிடும். விபத்து வண்டியை ஒப்படைக்கும்போதே, அனுமதிக்காகக் காத்திருக்கும் நாட்களுக்குக் கட்டணம் கிடையாது என்று எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம்.

ஸர்வீஸ் வகைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 'இலவச ஸர்வீஸ்' என்றால் பெரும்பாலும் ஆள் கூலி மட்டும்தான் இலவசம். எண்ணெய்க்கும் வடிகட்டிக்கும் பணம் உண்டு. அதற்குப் பின் பல வண்டிகளுக்கு 10,000 கிலோ மீட்டர் அல்லது ஒரு வருஷம், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது ஸர்வீஸ் என்று கணக்கு. வீட்டுக்கே ஆள் வந்து வண்டியை எடுத்துப் போய்க் கொண்டுவந்து விடும் ஏற்பாடும் உண்டு. இரண்டொரு மணியில் முடித்துத் தரும் துரித ஸர்வீஸும் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடை நாளில் வயலை விட்டு நகர முடியாதவருக்கு முதலாவது நல்லது. நாள் தவறினால் அன்றைய வருமானம் தவறுகிற வாடகைக் கார்க்காரருக்கு இரண்டாவது நல்லது. ஐயப்பன் சீஸனில் கன்னியாகுமரி ரஸ்தா நெரிகிற கார்த்திகை, மார்கழியில் பெரிய வேலைக்கு வண்டியை விடாமல், ஐப்பசியிலேயே முடித்துக்கொள்வது இன்னும் நல்லது.

இவை தவிர, மெருகு, பூச்சு, கிருமி நாசினி என்று ஒரு நீண்ட ஜாபிதாவை நீட்டுவார்கள். எல்லாம் வீண் என்று சொல்லமாட்டேன். குளச்சலிலும் முட்டத்திலும் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிக்கு அடிப்பூச்சு அவசியந்தான். பூதப்பாண்டிக்காரருக்கு அதே அவசரம் இல்லை. எது வேண்டும் என்று வண்டிக்கு உடையவர் தீர்மானிக்க வேண்டும். பில் வந்த பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது.

கம்பெனியைத் தவிர வேறு கதி இல்லையா என்று கேட்கலாம். இந்தியப் போட்டி ஆணையம் 2014-ம் வருஷம் ஆகஸ்டில் 14 கார் உற்பத்திக் கம்பெனிகளின் மீது ஒரு பெரிய தீர்ப்பு அளித்தது. உதிரிப் பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்வது தவறு என்றும், வெளியில் ஸர்வீஸ் செய்த ஒரே காரணத்துக்காக உத்தரவாதம் முழுவதும் ரத்து என்று நிபந்தனை போடக் கூடாது என்றும் சொல்லிற்று. சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. அதன்மேல் அப்பீல்கள் நடந்தன. மத்திய சர்க்கார் 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளத்தையும் திறந்தது. ஆகவே ஊரிலுள்ள நல்ல மெக்கானிக்கிடம் போகலாமா என்று யோசிப்பது பாபம் அல்ல. ஆனால் உத்தரவாதக் காலத்தில் அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டுப் போக வேண்டும்.

இனி, குடும்பத்தில் யார் வண்டியை விடப் போனாலும் செய்ய வேண்டியவை சில. கிலோ மீட்டர் அளவு, எண்ணெய் அளவு, ஏற்கெனவே உள்ள கீறல், செலவு மதிப்பீடு, திருப்பித் தரும் நாளும் மணியும், இவை ஐந்தும் ஜாப் கார்டில் ஏறிய பிறகே கையெழுத்து. நிறுத்தக் கட்டணம் எந்த நாளிலிருந்து, எவ்வளவு என்று வாய் திறந்து கேட்க வேண்டும். வண்டி தயார் என்ற செய்தி வந்த தேதியைப் பத்திரப்படுத்த வேண்டும். வர முடியாவிட்டால் உடனே எழுதித் தெரிவிக்க வேண்டும். தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று நாலு வரி போயிருந்தால், கட்டணத்தை விட்டுக்கொடுக்கும் மனுஷத்தன்மை அநேகமாக எந்தக் கம்பெனிக்கும் உண்டு. தகராறு என்று வந்துவிட்டால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டுச் சண்டை போடுவது நாளுக்கு நாள் கட்டணத்தை வளர்க்கும் வழி. "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துப் பணத்தைக் கட்டி வண்டியை மீட்டுக்கொண்டு, பிறகு வழக்காடுவதே விவேகம்.

வழக்காடுவது பெரிய காரியமும் அல்ல. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் அமுலில் இருக்கிறது. நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். 1915 என்ற டெலிபோன் எண்ணில் முதலில் யோசனை கேட்கலாம். ஒப்பந்த நிபந்தனையே அநியாயமானது என்று முறையிடுவதானால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

கம்பெனியாருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. வரவேற்பு அறையில் குளிர்ந்த காற்றும் காப்பியும் டெலிவிஷனும் வைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். அந்தச் சுவரிலே பெரிய எழுத்தில் ஒரு பலகையும் மாட்டுங்கள். "மூன்று நாளுக்கு மேல் வண்டியை விட்டு வைத்தால் நாளொன்றுக்கு நீங்கள் தர வேண்டியது இவ்வளவு" என்று முதல் வரி. "சொன்ன நாளைத் தாண்டி நாங்கள் தாமதித்தால் நாளொன்றுக்கு உங்கள் பில்லில் தள்ளுவது இவ்வளவு" என்று இரண்டாம் வரி. இரண்டும் ஒரே தொகையாக இருக்கட்டும். அப்படி ஒரு பலகை மாட்டும் கம்பெனிக்கு நாஞ்சில் நாட்டிலே விளம்பரம் தேவைப்படாது.