கொலைஞன் ஆற்றிய மறையுரை

லியோ டால்ஸ்டாய் 1889-இல் எழுதி முடித்த 'க்ராய்ட்சர் சொனாட்டா' எனும் குறுநாவலை ஒழுக்க நூல் என்று போற்றுவோர் உளர். அதன் முகப்பில் மத்தேயு நற்செய்தியின் இரு பகுதிகள் பொறிக்கப்பட்டிருப்பதே அவர்களுக்குப் போதுமான சான்று. ரஷ்யத் தணிக்கையாளர் நூலைத் தடுத்ததையும், 1890-இல் அமெரிக்க அஞ்சல் துறை அதனைத் தொடராக வெளியிட்ட இதழ்களை ஏற்க மறுத்ததையும் பெருமையாகச் சுட்டுவர். தடை தவறே. ஆயினும் தடுக்கப்பட்டதெல்லாம் நற்செய்தி ஆகிவிடாதன்றோ!

இரயில் பெட்டியில் அமர்ந்து இரவெல்லாம் பேசுகிறான் பொஸ்த்னிஷெவ். அவன் மனைவி பியானோ வாசிக்க, வயலின் கலைஞன் ஒருவன் உடன் வாசிக்கிறான், பீத்தோவனின் இசை. ஐயம் பற்றி எரிகிறது. மனைவியைக் குத்திக் கொல்கிறான். அவள் நெறி தவறினாள் என்பதற்கு உறுதியான சான்று நூலில் எங்குமில்லை. அவன் பழி சுமத்துவதோ இசைமீது, மருத்துவர்மீது, பெண்களின் உடைமீது, இறுதியில் திருமணத்தின்மீதே.

இங்கேதான் கதைஞர் டால்ஸ்டாயின் கண் கூர்மையாகிறது. கொல்லச் செல்பவன் ஓசை எழாதிருக்கக் காலணிகளைக் கழற்றுகிறான். சுவரில் தொங்கும் வளைந்த குத்துவாளை எடுக்கிறான். தப்பியோடும் வயலின்காரனைத் துரத்த எண்ணி, வெறும் காலுறையோடு ஓடினால் நகைப்புக்கிடமாகும் என்று நின்றுவிடுகிறான்! நகைப்பை அஞ்சுமளவு தெளிவுள்ள மனத்தை 'வெறி' என்பதா? சினத்தில் செய்தது நினைவில்லை என்பது பொய். ஒவ்வொரு நொடியும் அறிந்தே செய்தேன் என்று அவனே ஒப்புகிறான். நீதிமன்றமோ, மானங்காத்த கணவன் என அவனை விடுவித்தது. ஆசை அறிவைப் பறித்தது, ஆகவே பொறுப்பில்லை எனும் வாதம் எந்நாட்டிலும் இப்படித்தான் விலைபோகிறது.

கதைஞர் கண்டதை 1890-இல் எழுதிய பின்னுரையில் போதகர் டால்ஸ்டாய் மூடி மறைத்தார். கிறிஸ்தவத் திருமணம் என்று ஒன்றில்லை என அவர் வாதிட்டபோது, குற்றவாளிக் கூண்டில் நின்றவன் இறங்கிக்கொண்டான். திருமணம் ஏறி நின்றது. மத்தேயு 5:28 இச்சையைப் பார்ப்பவனின் உள்ளத்தில் வைக்கிறது. பொஸ்த்னிஷெவ் அதனைப் பார்க்கப்படுபவளின் உடையில் வைக்கிறான். முகப்பின் மற்றொரு பகுதி 19-ஆம் அதிகாரத்தின் 10-ஆம் வசனத்தில் தொடங்குகிறது. கணவனும் மனைவியும் ஒரே உடலாவதை ஆண்டவர் உரைக்கும் வசனங்கள் அதற்குச் சற்று முன்னரே உள்ளன, அவை விடுபட்டுள்ளன. எங்கே வெட்டினார் என்பதைக் கவனிக்காமல் இதனை விவிலிய விளக்கம் என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

சாகக் கிடக்கும் மனைவியின் வீங்கிக் கன்றிய முகத்தில்தான் அவளும் ஒரு மனிதப் பிறவி என்பதை முதன்முறையாகக் காண்கிறான் கணவன். அவளுடைய பக்கத்தை நூல் கேட்கவேயில்லை. கேட்டவர் ஒருவர் உண்டு: டால்ஸ்டாயின் பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்ற சோஃபியா. இந்நூலை அச்சிட 1891-இல் மூன்றாம் அலெக்சாந்தர் மன்னரை நேரில் வேண்டி இசைவு பெற்றவரும் அவரே! பின்னர் 'யாருடைய குற்றம்?' என்று மனைவியின் பார்வையில் மறுமொழிக் கதை எழுதினார். அது ரஷ்யாவில் அச்சேறியது 1994-இல். டால்ஸ்டாயின் நூலை இளைஞர் கையில் கொடுப்போர் இதனையும் உடன் கொடுப்பார்களாக.