வித்தையை ஒளியாத இசைவாணர்

(தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியது)

கலைஞன் ஒருவனது பெருமையை எதனால் அளத்தல் வேண்டும்? அரங்கின்கண் அவன் பெறும் கரகோஷத்தால் என்பர் ஒருசாரார். அவன் ஈட்டிய பொருளாலும் பட்டங்களாலும் என்பர் மற்றொருசாரார். இவ்விரண்டும் ஓரளவு உண்மையே. ஆயினும், தான் அரிதிற் பெற்ற வித்தையைப் பின்வருவோர்க்கு ஒளியாது வழங்கினானா என்பதே உற்ற அளவுகோல் என்பது எனது துணிபு. இதற்குச் சான்றாக அமெரிக்க நாட்டு ஜாஸ் இசைவாணராகிய கிளார்க் டெர்ரி என்பாரது வாழ்க்கையை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரிலே உருப்பெற்றுப் பின் உலகெங்கும் பரவிய இசை. எழுதி வைத்த சுரங்களை மட்டும் வாசித்தல் அதன் இயல்பன்று. ஒரு மெட்டை அடிப்படையாகக் கொண்டு, வாசிப்போன் அவ்வப்போது தன் மனோதர்மத்தால் புதியன புனைந்து செல்வான். உடனிருப்போர் அதனைச் செவியால் உணர்ந்து தாங்கி நிற்பர். ஆதலின், ஏட்டில் அடங்காத இவ்வித்தை ஒருவர் வாயிலாக மற்றொருவர்க்கு வருதலே பெரும்பான்மை. மூத்தோர் வாயை மூடிக்கொள்வாராயின் இளையோர்க்கு வழி அடைபடும்.

டெர்ரி 1920-ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரிலே மிக வறிய குடும்பமொன்றிற் பிறந்தவர். சிறு வயதில் டியூக் எல்லிங்டன் குழுவினரின் இசையைக் கேட்டு, டிரம்பெட் என்னும் ஊதுகருவியின்மீது தீராத வேட்கை கொண்டார். வாங்கப் பொருளில்லை. ஆகவே, எறிந்து கிடந்த குழாயொன்றை வளைத்துக் கட்டி, அதன் ஒரு முனையிற் புனலையும் மறுமுனையில் ஈயக்குழாய்த் துண்டையும் பொருத்தி, தாமே ஒரு கருவி செய்து ஊதத் தொடங்கினார். அதன் ஓசையைத் தாங்கமாட்டாத அண்டை வீட்டார் தம்முட் காசு சேர்த்து, அடகுக் கடையிலிருந்து 12.50 டாலருக்கு மெய்யான டிரம்பெட் ஒன்றை வாங்கித் தந்தனர். அன்பினாலோ, தம் செவிகளைக் காத்துக்கொள்ளும் பொருட்டோ, அவ்வேழை மக்கள் கொடுத்த கொடையே அவரது கலைக்கு வித்தாயிற்று.

கருவி கிடைத்தது, கற்பிப்பாரைக் காணவில்லை. ஒருநாள் அவர் மூத்த டிரம்பெட் வித்துவான் ஒருவரை அணுகி, கீழ்ச்சுரங்களில் நாதம் செம்மையுற என் செய்வதென்று பணிவுடன் வினவினார். அம்மூத்தவர், கண்ணாடியின் முன் நாற்காலியில் நிமிர்ந்தமர்ந்து, பற்களை இறுகக் கடித்து, இடச்செவியை அசைத்துக்கொண்டே ஊதவேண்டுமென்று விடையிறுத்தனராம்! பேதைச் சிறுவன் அதனை மெய்யென நம்பி அவ்வாறே முயன்றான். பன்முறை முயன்ற பின்னரே தான் எள்ளி நகையாடப்பட்டமை புலப்பட்டது. தாம் எதையேனும் கற்றறிந்தால், கேட்பார் எவர்க்கும் அதனை மறைப்பதில்லை என்னும் உறுதி இந்நிகழ்ச்சியால் தமக்குப் பிறந்ததெனப் பிற்காலத்தில் டெர்ரி பலமுறை சொல்லியிருக்கிறார்.

நன்னூல் பயின்ற நமக்கு இம்மூத்த வித்துவான் புதியவரல்லர். ஆசிரியராகத் தகாதார்க்குப் பவணந்தியார் உவமை கூறுமிடத்து மடற்பனையை எடுத்துரைத்துள்ளார். அது தானாகப் பழத்தை வீழ்த்தினாலன்றி, நாடிச் சென்று ஏறுவாரைக் கருக்கு மட்டையால் தடுத்துவிடும். வித்தையிற் சிறந்தும் மனத்தில் மடற்பனையாய் நிற்போர் எந்நாட்டிலும் உளர்.

நிற்க. டெர்ரியைக் குற்றமே அறியாதவராகக் காட்டுதல் என் கருத்தன்று. அவர் இளைஞராயிருந்த காலத்தில் இலினாய் மாநிலத்துக் கார்பன்டேல் என்னும் ஊரில் ஒரு விழா நடந்தது. ஆங்கே மெலிந்த சிறுவன் ஒருவன் டிரம்பெட் வாசிப்புப் பற்றி அவரிடம் ஏதோ கேட்க வந்தான். அவரோ அங்கு ஆடிய நங்கையரை நோக்குவதில் ஈடுபட்டு, அவனைத் தட்டிக்கழித்தனர். சின்னாட் கழித்துச் செயின்ட் லூயிஸ் மன்றமொன்றில் அற்புதமான வாசிப்பொன்றைக் கேட்டு விரைந்து சென்று பார்த்தபோது, வாசித்தவன் அச்சிறுவனே! அவனே பின்னாளில் உலகப் புகழ் எய்திய மைல்ஸ் டேவிஸ். அன்று தொட்டு இருவரும் நெருங்கிய நண்பராயினர். நல்லுறுதி பூண்டாரும் ஓரோவழி வழுவுதல் உண்டு. வழுவியதை உணர்ந்து திருந்துதலே வேண்டற்பாலது.

இனி, அவர் தொழில் நடத்திய வகையைக் காண்போம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படை வாத்தியக்குழுவிற் பணியாற்றிய பின், 1948-இல் கவுண்ட் பேஸியின் குழுவிலும் 1951-இல் எல்லிங்டன் குழுவிலும் சேர்ந்தார். பேஸியின் குழு தமக்கு ஆயத்தப் பள்ளியும், எல்லிங்டன் குழு பல்கலைக்கழகமும் ஆயின என்பது அவர் கூற்று. இரவெல்லாம் வாசிப்பு, பகலெல்லாம் பயணம். தென்மாநிலங்களிலோ கறுப்பினத்தார்க்கு உண்டிச்சாலையும் விடுதியும் மறுக்கப்பட்ட கொடுமை. இவற்றிடையே ஒருவர்க்கொருவர் ஆசிரியரும் மாணாக்கருமாய் இருந்ததனாலேயே அக்குழுவினர் கலை குன்றாதிருந்தனர்.

விழா மேடையின் உண்மையும் இதுவே. 1954-இல் தொடங்கிய நியூபோர்ட் ஜாஸ் விழாவில், 1956-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் இரவு எல்லிங்டன் குழுவினர் வாசித்தனர். பால் கொன்சால்வ்ஸ் என்பார் சாக்ஸபோனில் 27 சுற்றுகள் இடைவிடாது வாசிக்க, அவையோர் எழுந்து ஆடி ஆரவாரித்தனர். மறுநாள் உலகம் கொன்சால்வ்ஸைப் போற்றியது, தக்கதே. ஆயின், அவருக்குத் தாளமும் சுருதியும் தளராது தாங்கியவர் எத்துணையர்! டிரம்பெட் வரிசையில் அமர்ந்திருந்த டெர்ரியும் அவருள் ஒருவர். ஒருவன் உயர்தற்குப் பலர் தோள்கொடுத்தல் வேண்டுமென்பதனை அவ்விரவு உணர்த்துகின்றது.

பேஸியின் குழுவினர் சீயாட்டில் நகர்க்கு வந்திருந்த காலத்தில், குயின்ஸி ஜோன்ஸ் என்னும் பள்ளிச் சிறுவன் டெர்ரியிடம் பாடம் வேண்டினான். அவனுக்குப் பகலிற் பள்ளி. இவர்க்கு இரவிற் கச்சேரி. நள்ளிரவு கடந்து துயில்கொள்ளும் அவர், விடியற்காலையில் எழுந்து, அவன் பள்ளி செல்லுமுன் பாடஞ் சொன்னார். ஆண்டுகள் கழிந்தன. 1959-இல் அச்சிறுவன் தானே ஒரு பெருங்குழுவை அமைத்தபோது, எல்லிங்டனை விட்டு நீங்கி அதிற் சேர்ந்தவர் டெர்ரி! மாணாக்கன்கீழ்ப் பணிசெய்வதனை இழிவெனக் கருதாத ஆசிரியர் எத்துணைப் பேர்?

இங்குச் சிலர் தடை நிகழ்த்தலாம். கற்பித்தலிற் காலம் போக்குவோன் தன் கலையைத் தேய்க்கின்றான் என்பது ஒன்று. மாணாக்கன் நாளை போட்டியாளன் ஆவான் என்பது மற்றொன்று. மனோதர்மம் பிறவியில் வருவதன்றிக் கற்பித்தலால் வாராது என்பது இன்னொன்று. முதற்றடைக்கு டெர்ரியின் வாழ்வே விடை: 1960-இல் என்.பி.சி. ஒலிபரப்பு நிறுவனத்தின் வாத்தியக்குழுவில் இடம்பெற்று, விழாக்கள்தோறும் வாசித்து, எண்ணிறந்த இசைத்தட்டுகளில் ஒலித்தவர் அவர். இரண்டாவதற்கும் அஃதே: டேவிஸும் ஜோன்ஸும் அவரினும் மிக்க புகழ் பெற்றனர், அதனால் இவர் புகழ் குறைந்ததில்லை. மூன்றாவதற்கு அவர் வகுத்த முறையே மறுமொழி: முதலில் மூத்தோரைப் பின்பற்றுக, அடுத்து அதனைத் தன்வயமாக்குக, பின்னர்ப் புதியன புனைக. நாவசைவின் நுட்பங்களையும் அசைகளாக வாயாற் சொல்லிச்சொல்லியே அவர் பயிற்றினார். பிறவிப்பேறு விதையாயின், பயிற்சி நீராகும்.

அவரது இறுதிக்காலம் நெஞ்சை உருக்குவது. நீரிழிவால் கண்ணொளி மங்கிற்று, கால்களிரண்டும் களையப்பட்டன. அந்நிலையிலும், பதினோராம் வயதிற் பார்வையிழந்த ஜஸ்டின் காஃப்லின் என்னும் பியானோ மாணவர்க்குப் படுக்கையிற் கிடந்தபடியே நள்ளிரவு கடந்தும் பாடஞ் சொன்னார். அக்காட்சிகளை 2014-இல் வெளிவந்த ஒரு திரைப்படத்திற் காணலாம். அதனை இயக்கியவர் அவரிடம் பயின்ற ஆலன் ஹிக்ஸ். தயாரித்தோருள் ஒருவர், விடியற்காலையிற் பாடங்கேட்ட அக்குயின்ஸி ஜோன்ஸ்! 2015-இல், தமது 94-ஆம் வயதில் டெர்ரி மறைந்தார்.

இவ்வரலாற்றைப் படித்தபோது எனக்குப் பெருமிதத்தோடு நாணமும் உண்டாயிற்று. சென்ற ஆண்டுத் தேர்வுக்கு முன், நூலகத்தில் ஒரே படியாயிருந்த உரைநூலொன்றை வேறொரு அலமாரியின் பின்னே ஒளித்துவைத்தவன் யான். அதனை நாடி வந்த தோழன், "தம்பி, கண்டாயா?" என்று வினவியபோது, "கண்டிலேன், அண்ணா" என்றேன். அவன் தேறினான், யானும் தேறினேன், ஆயினும், அன்று இடச்செவியை அசைக்கச் சொன்ன வித்துவானுக்கும் எனக்கும் வேற்றுமை யாது?

அன்பர்காள்! ஆசிரியராகும் நாள்வரை கற்பிக்கக் காத்திருத்தல் வேண்டா. முதல் வகுப்பு மாணவன் கேட்கும் ஐயத்தைத் தீர்க்க இரண்டாம் வகுப்பு மாணவனுக்கு இயலும். நாம் பெற்றதெல்லாம் பிறர் தந்ததே. குழாய்த் துண்டை ஊதிய சிறுவனுக்கு அண்டை வீட்டார் டிரம்பெட் தந்ததுபோல், நமக்கும் எவரோ தந்தனர். அதனை ஒளித்து வைப்போமாயின் மடற்பனையாவோம். அந்நூலை யான் அதற்குரிய இடத்தில் மீண்டும் வைத்துவிட்டேன். அத்தோழனிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். இக்கட்டுரையை எழுதத் துணிந்தது அதன் பின்னரே.