“எனக்கு வராது” என்று சொல்லுமுன்



நாற்பது வயதைக் கடந்த பலரிடம் ஒரு சொல் எளிதாய்ப் பிறக்கிறது: “இனி எனக்கு வராது.” ஆங்கிலம் வராது, கணக்கு வராது, கைப்பேசியில் பணம் அனுப்ப வராது, சபையார் முன் நின்று ஜெபிக்க வராது. இதை நாம் தாழ்மை என்று எண்ணிக்கொள்கிறோம். நான் அப்படி எண்ணவில்லை. தன் குறை இன்னதென்று அறிந்து அதன் பெயரைச் சொல்லுவதே தாழ்மை. பொதுவாய் “வராது” என்று ஒதுங்குகிறவர் தம் குறையைப் பார்க்கவே மறுக்கிறார்.

மைக்கேல் பாரடே என்னும் விஞ்ஞானியை எண்ணிப்பாருங்கள். 1791ஆம் ஆண்டு, இலண்டன் அருகே, கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்து, கட்டுவதற்கு வந்த நூல்களையே வாசித்துக் கல்வி தேடினார். 1831இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இன்றைய மின்னாக்கிகளுக்கு அடிப்படை. தம் சிறிய சபையில் மூப்பராகவும் பணிசெய்தார்.

அவருடைய பலங்கள் ஆவலும், கூர்ந்த கண்ணும், தேர்ந்த கையும். பலவீனங்களும் மூன்று: மறதி, பேச்சுப் பயிற்சியின்மை, உயர்கணிதம் அறியாமை. இம்மூன்றையும் அவர் ஒரே விதமாய் அணுகவில்லை.

மறதிக்கு ஏட்டைத் துணைகொண்டார். 1812இல் ஹம்ப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெழுதி, படம் வரைந்து, தாமே நூலாய்க் கட்டி அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. பிற்காலத்தில் தம் ஆய்வுக் குறிப்புகளுக்குப் பத்தி பத்தியாய் எண் இட்டுவந்தார். அந்த எண்ணிக்கை 16,000த்தைத் தாண்டியது.

பேச்சுக்கு நண்பரைத் துணைகொண்டார். தம் சொற்பொழிவில் அமர்ந்து உச்சரிப்பிலும் நடையிலும் உள்ள பிழைகளைக் குறித்துத் தரும்படி நண்பர் ஒருவரிடம் வேண்டிக்கொண்டார். விரைந்து பேசும் பழக்கத்தை அடக்க, “மெதுவாக” என்று எழுதிய அட்டையைத் தம் முன் வைத்துக்கொண்டார்.

கணிதமோ கடைசிவரை அவருக்குக் கைவரவில்லை. ஆயினும் 1857இல், தம் 66ஆம் வயதில், ஏறத்தாழ 40 வயது இளையவரான மாக்ஸ்வெல்லுக்குக் கடிதம் எழுதினார். கணிதத்தால் கண்ட முடிவுகளை எளிய சொற்களிலும் விளக்கலாகாதா என்று கேட்டார்.

சில குறைகளுக்கு ஒரு கருவி போதும். சிலவற்றைப் பிறர் கண்டுசொல்ல வேண்டும். சில நம்மோடே இருக்கும். அங்கே கேட்பதற்கு வெட்கப்படாதிருத்தலே கல்வி. அப்போஸ்தலருடைய நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில், வாக்குவல்லமையுள்ள அப்பொல்லோ, கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியரிடம் அறியாததை அறிந்துகொண்டதைக் காண்கிறோம். நன்றாய்ப் பேசுகிறவருக்குக் கற்பிக்க முன்வருவோர் குறைவு. நம் பலமே சில வேளைகளில் நம் குறையை மூடிவைக்கிறது.

நம் சபைகளுக்கும் இது பொருந்தும். பொறுமையாய்க் கேட்கிறோம், வசனங்களை மனப்பாடமாய்ச் சொல்லுகிறோம். இவை நம் பலங்கள். கேட்டதைக் குறித்துவைப்பதிலும், திருத்தத்தை ஏற்பதிலும், இளையவரிடம் கேட்டறிவதிலும் நாம் பலவீனர்.

இதன் விலை சிறிதன்று. வங்கிக் காரியங்களைக் கணவரே பார்த்துக்கொள்வார் என்றிருந்த சகோதரி, அவர் மறைந்தபின் ஒரு படிவத்தை நிரப்பப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கிறார். “படி, படி” என்று நாம் கடிந்துகொள்ளும் பிள்ளை, நாம் எதையாவது கற்பதை ஒருநாளும் காணாவிட்டால், படிப்பு தேர்வோடு ஒழியும் சுமை என்றே எண்ணிக்கொள்ளும்.

ஆகையால் இவ்வாரம் உங்கள் குறை ஒன்றைப் பெயரிட்டு எழுதுங்கள். “கைப்பேசி வராது” என்று எழுதாமல், “பணம் அனுப்பியபின் அது சேர்ந்ததா என்று பார்க்கத் தெரியவில்லை” என்று எழுதுங்கள். பின்பு, அதற்கு வேண்டியது ஓர் ஏடா, திருத்துகிற நண்பரா, அல்லது துணிந்து கேட்கும் ஒரு கேள்வியா என்று பாருங்கள். கேட்கவேண்டியது உங்கள் பேரப்பிள்ளையிடமே என்றாலும், இன்று மாலையே கேளுங்கள்.

கற்கும் மனதைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக.