ஜாக்கியும் ஜாக்கிரதையும்



இந்த முறை சமையலறையை விட்டுப் போர்ட்டிகோவுக்கு வருவோம். "காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது அவர் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். வீட்டில் காரை ஜாக்கி போட்டுத் தூக்கினால் அடியில் படுப்பது நம் வீட்டுக்காரர், நம் தம்பி, காலேஜில் படிக்கிற நம் பையன். உருண்டு போன பந்தை எடுக்க அங்கே ஓடுவது நம் குழந்தை. பிறகு எப்படிச் சம்பந்தமில்லாமல் போகும்?

நம் கோயமுத்தூர்ப் பக்கத்தாருக்கு மெஷின் என்றால் பயமே கிடையாது. 1920-ல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தாமே ஓட்டினார். யு.எம்.எஸ். கம்பெனி அதிலிருந்து வளர்ந்ததுதான். அவினாசி ரோட்டில் உள்ள கார் மியூசியத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போனவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். வீதிக்கு ஒரு லேத்துப் பட்டறை உள்ள ஊரில், ஞாயிற்றுக்கிழமையானால் காரைத் தூக்கி அடியில் பார்க்கிறவர்களுக்குக் குறைவில்லை. ஆயுத பூஜை வந்து விட்டால் கேட்கவே வேண்டாம்! அந்தத் தைரியம் நல்லதுதான். ஆனால் பழகின கைக்குத்தான் "அஞ்சு நிமிஷ வேலை" என்கிற அலட்சியமும் சுலபமாக வரும்.

முதலில் எடையைப் பாருங்கள். 1983-ல் வந்த மாருதி 800 கார் சுமார் 650 கிலோ. நாம் வாங்கும் 25 கிலோ அரிசிச் சிப்பம் 26-க்குச் சமம். இன்றைய சின்னக் கார்களிலேயே பல 800 கிலோவைத் தாண்டும். பெரிய வண்டிகள் 1500 கிலோவுக்கும் மேல், அதாவது 60 சிப்பம்! ஒரு மூலையை மட்டும் தூக்கினாலும், மார்பின் மேல் இறங்கினால் மூச்சு விட முடியாது. உதவிக்குக் கூப்பிடக்கூடக் குரல் எழும்பாது.

இனி ஜாக்கி. வண்டியோடு கொடுக்கிற, மடக்கி விரிக்கும் ஜாக்கியை டயர் மாற்றுவதற்காகவே கொடுக்கிறார்கள். அதன் அடித்தட்டு ஒரு சின்னத் தட்டு அகலம்கூட இருக்காது. வண்டி சற்று நகர்ந்தாலும் ஜாக்கி சாய்ந்து விடும். எண்ணெயில் இயங்கும் ஜாக்கியோ, டாக்டர் கையிலுள்ள சிரிஞ்சு மாதிரி. சின்னக் குழாயில் அழுத்துகிற எண்ணெய் பெரிய குழாயின் தண்டை மேலே தள்ளுகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய் கசியும், பாரம் மெல்ல இறங்கும். சில சமயம் திடீரென்றும் இறங்கும். ஆகவே எந்த ஜாக்கியானாலும் அதன் வேலை தூக்குவதோடு முடிந்தது. தாங்குகிற வேலைக்கு ஜாக்கி ஸ்டாண்டு என்று தனியாக இருக்கிறது.

முக்காலி போல அகன்ற காலுள்ள இரும்புத் தாங்கி அது. ஜோடியாக வாங்க வேண்டும். எத்தனை டன் தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும்; வண்டியின் எடைக்குத் தாராளமாக இருக்கட்டும். ஸ்டாண்டிலும் பழுது வரலாம். 2020-ல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் என்ற கடைக்காரர்கள், பூட்டும் பல் நழுவக்கூடும் என்பதால் தாங்கள் விற்ற லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். குறுக்கே கனமான இரும்பு முளை செருகும் மாதிரியாக வாங்கினால் மனதுக்கு நிம்மதி. ஒவ்வொரு தடவையும் வெல்டிங்கில் விரிசல், வளைவு இருக்கிறதா என்று பாருங்கள்.

செங்கல், ஹாலோ பிளாக், அம்மிக்கல், விறகுக் கட்டை இவற்றை ஸ்டாண்டுக்குப் பதிலாக வைக்கவே கூடாது. ஹாலோ பிளாக் சுவரில் வரிசையாக நிற்கும்போது பலமானதுதான். ஒற்றைக் கல்லின் ஓரத்தில் இரும்பு அழுத்தினால், சொல்லாமல் கொள்ளாமல் பொடியாகி விடும்.

இப்போது வேலையை வரிசையாகப் பார்ப்போம்.

1. இடம்: சமமான, கெட்டியான சிமெண்டுத் தரை வேண்டும். கேட்டுக்கு முன்னால் உள்ள சரிவு கூடாது. வழவழப்பான டைல்ஸில் ஜாக்கி வழுக்கும். செம்மண்ணிலும், வெயிலில் இளகிய தாரிலும் புதைந்து சாயும்.

2. வண்டி நகராமல் செய்வது: எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடுங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தப் பிடி போயிற்று! ஆகையால் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கட்டாயம்.

3. சாவி: முந்தானையில் முடிந்து கொள்ளுங்கள். வண்டிக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

4. சக்கரத்தைக் கழற்றுவதானால், அது தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி விட வேண்டும். தூக்கிய பிறகு பலம் கொடுத்துத் திருகினால் வண்டி ஆடும்.

5. ஜாக்கி வைக்கும் இடமும் ஸ்டாண்டு வைக்கும் இடமும் வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருக்கும். புரியாவிட்டால் சர்வீஸுக்கு விடும்போது மெக்கானிக்கிடம் கேட்டு, வெள்ளைப் பெயிண்டால் குறி வைத்துக் கொள்ளுங்கள்.

6. தேவையான உயரம் மட்டும் தூக்கி, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டு வைத்து, ஜாக்கியை மெல்ல இறக்கி, பாரம் முழுவதும் ஸ்டாண்டின் மேல் உட்காரும்படி செய்ய வேண்டும். ஸ்டாண்டைத் தள்ளும்போது தலையோ தோளோ உள்ளே போகக் கூடாது.

7. வெளியே நின்றபடி வண்டியைக் கையால் நன்றாக அசைத்துப் பாருங்கள். ஸ்டாண்டு நகர்ந்தால் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்து வண்டியின் ஓரத்துக்கு அடியில் தள்ளி விட்டால், அதுவும் ஒரு காவல்.

இவ்வளவும் ஆன பிறகுதான் அடியில் போகலாம்.

வழியில் பஞ்சர் ஆனால் ஸ்டாண்டு இருக்காது. அப்போது அடியில் போகிற பேச்சே கூடாது. வெளியே இருந்தபடி டயரை மாற்றி, உடனே இறக்கி விட வேண்டும். குழந்தைகளை வண்டியிலிருந்து இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.

இதையெல்லாம் வீட்டில் எப்படிச் சொல்வது என்று தயக்கமா? இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"ஏனுங்க, ஸ்டாண்டு வெச்சாச்சுங்களா?"

"அஞ்சு நிமிஷ வேலை கண்ணு. ஜாக்கியே தாங்கும்."

"ஸ்டாண்டு வெக்க ரெண்டு நிமிஷந்தானுங்க ஆகும். ஏழு நிமிஷமாவே செய்யுங்க. காப்பி அதுக்கப்புறந்தான்!"

கோபம் வேண்டாம், சண்டை வேண்டாம். காப்பி நம் கையில்தானே இருக்கிறது!

வண்டி இறங்கும் வரை குழந்தைகளை ஒரு பெரியவர் பொறுப்பில் வீட்டுக்குள் வைத்திருங்கள். "அங்கே போகாதே" என்று இரண்டு வயசுக் குழந்தைக்குச் சொன்னால் காதில் ஏறாது. கதவைத் தாழிடுவதுதான் சரி. வேலை செய்கிறவர் தனியாக இருக்கவும் கூடாது. கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும்.

மீறி ஆபத்து நேர்ந்து விட்டால்? பதறி நீங்களும் அடியில் நுழையாதீர்கள். அக்கம்பக்கத்தாரைக் குரல் கொடுத்து அழையுங்கள். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். மார்பு நசுங்கியிருந்தால் மூச்சு நின்று போகும், நிமிஷங்கள்தான் அவகாசம். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பக்கத்து வீட்டு ஜாக்கியாலோ பல பேர் சேர்ந்தோ பாரத்தை உடனே தூக்க வேண்டும். தூக்கத் தூக்க ஸ்டெப்னி டயர், தடித்த பலகை என்று அடியில் கொடுத்து, மறுபடி இறங்காமல் பார்த்துக் கொள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் வெளியே எடுத்து, மார்பின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த்தான் ஆக வேண்டும். உள்காயத்தில் வடியும் ரத்தம் வெளியே தெரியாது.

ஒரு ஜோடி ஸ்டாண்டின் விலை, நாம் விசேஷத்துக்கு எடுக்கிற ஒரு பட்டுப் புடவை அளவுகூட வராது. இந்த ஆயுத பூஜைக்கு வண்டிக்கு மாலை வாங்கும்போது, அதையும் சேர்த்து வாங்கி வரச் சொல்லுங்கள். சந்தனம், குங்குமம் வைத்து அதற்கும் பூஜை போடுங்கள். நம் வீட்டு மனுஷர்களைத் தாங்கப் போகிற பொருளல்லவா!