ஓசையும் சொல்தான்

"ஆப்பிரிக்க பாஷைகளில் என்ன இருக்கிறது? பாதி சொல், பாதி சத்தம்!" என்றார் நண்பர் ஒருவர். இரண்டு பட்டம் பெற்றவர். அவர் சொன்னது புதிதல்ல; நூறு வருஷத்துக்கு மேலாகப் படித்தவர்கள் சொல்லிவருகிற அபத்தந்தான். அதனாலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாண்ட்டு மொழிகளுள் ஒன்றான, தென்னாப்பிரிக்காவின் ஜூலுவை எடுத்துக்கொள்வோம். ஓரிடத்தில் பேச்சு மூச்சு அடங்கிவிட்டால், 'டு' என்றது என்பார்கள் ஜூலுக்கள். வெள்ளை வெறும் வெள்ளையாக இருக்காது. 'க்வா' என்று வெளுத்திருக்கும். சிவப்புக்கு 'க்லேபு'. கறுப்புக்கு 'புகே'. இவற்றில் சிலவற்றை நாக்கைச் சொடுக்கிச் சொல்லவேண்டும். அந்த ஒலிக்கு நம்மிடம் எழுத்தில்லை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் ஜூலுக் குழந்தைகூடச் சிரிக்கும். மோட்டார் சைக்கிளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இசிதுதுது'. 'இசி' பெயர்ச்சொல்லுக்குரிய முன்னொட்டு. 'துதுது' வண்டி போடும் ஓசை. இதில் சொல் எது, சத்தம் எது? நண்பர்தான் பிரித்துக்காட்ட வேண்டும்.

ஐரோப்பிய இலக்கணத்தைப் படித்துவிட்டுப் போனவர்களுக்கு இவற்றை எந்தப் பெட்டியில் அடைப்பதென்று புரியவில்லை. வினையடை என்றார்கள், வியப்பொலி என்றார்கள். பெட்டிதான் தவறு என்று தோன்றச் சிறிது காலமாயிற்று. ஜோகன்னஸ்பர்க்கில் பேராசிரியராயிருந்த கிளெமென்ட் டோக், 1935-ல் இவற்றைத் தனிச் சொல்வகையாகப் பிரித்துப் பெயரிட்டார். அவரும் ஜூலுக் கவிஞர் விலக்காசியும் சேர்ந்து தொகுத்த அகராதி 1948-ல் வெளிவந்தது. விலக்காசி அதைப் பார்க்கவில்லை. முந்திய வருஷமே காலமாகிவிட்டார். ஆனால் நண்பர் 'சத்தம்' என்று தள்ளியவை அதில் ஆயிரக்கணக்கில், பொருளோடு உட்கார்ந்திருக்கின்றன.

இதைக் கேட்டுத் தமிழன் வியப்பதுதான் வேடிக்கை. 'கம்மென்று', 'திடுக்கென்று', 'வெளேரென்று' என நாம் பேசுவதில்லையா? இந்த 'என்று'க்குள் இருப்பது 'சொல்' என்று பொருள்படும் 'என்' தானே? ஜூலுவில் அதே பொருளுள்ள 'தி' என்ற வினை, அதே வேலையைச் செய்கிறது. நாம் ஓசைக்குப் பின்னே வைக்கிறோம். அவர்கள் முன்னே வைக்கிறார்கள். இரு மொழிகளுக்கும் உறவு கிடையாது. மனித மனத்துக்கு உறவு இருக்கிறது. 'என' என்பது குறிப்போடும் இசையோடும் வரும் என்று தொல்காப்பியர், டோக்குக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே விதி செய்துவிட்டார்.

எழுத்தாளனுக்கு இதில் நஷ்டம் உண்டு. ஜூலுக்காரன் இருட்டை 'புகே' என்கிறான். ஆங்கிலத்தில் அது 'மிகவும் இருட்டு' ஆகிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறவரும் 'மிகவும் இருட்டு' என்றே எழுதுகிறார். 'கும்மிருட்டு' வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறது, உள்ளே கூப்பிடுவாரில்லை.

சொல்லில்லாத ஏழை யார், சொல்லுங்கள்?