பல்கலைக்கழக நூலகம் பக்கத்தில்தான் இருக்கிறது, நாம்தான் போகவில்லை

"ஐயா, அங்கெல்லாம் நம்மள விடுவாங்களா?"

செனாயில் ஒரு கோயில் மண்டபத்தில் சட்ட விளக்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தகப்பனார் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகள் நான்காம் படிவம், அறிவியல் பிரிவு. பள்ளியில் ஆற்று நீரைப் பற்றி எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். கைப்பேசியில் தேடினால் அமெரிக்கா ஆறும் இங்கிலாந்து ஆறும்தான் வருகிறதாம். "ஸ்கூடாயில் யூ.டி.எம். நூலகம் இருக்கிறதே, பிள்ளையை அழைத்துக்கொண்டு போங்கள்" என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

ஒரு மணி நேரம் அடையாள அட்டை, வேலை நீக்கம், இ.பி.எஃப். என்று பேசிய எனக்கு இதற்கு உடனே பதில் வரவில்லை. காரில் இருபது நிமிடத் தூரம். நம் வரிப்பணத்தில் நடக்கும் இடம். ஆனாலும் அந்த வாசலைப் பற்றி நினைத்தவுடன் நம் மனிதருக்கு முதலில் வருவது ஜாகாவின் முகம். உறவுகளே, இந்தப் பயத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வேண்டும்.

மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்ற யூ.டி.எம்., 1904-இல் கோலாலம்பூரில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கியது. 1975-இல் இன்றைய பெயரைப் பெற்றது. பிறகு ஸ்கூடாய்க்கு வந்தது. அங்கிருக்கும் பெரிய நூலகத்தின் பெயர் சுல்தானா சனாரியா நூலகம். பொறியியலும் அறிவியலும்தான் அதன் பலம். நம் பிள்ளைகளில் சிலர் அங்கே படித்துப் பொறியியலாளர் ஆகியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிலரைத் தவிர, கூலாய், செனாய், ஸ்கூடாய் வட்டாரத்தில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு அது சாலையிலிருந்து பார்க்கும் ஒரு வளைவு மட்டும்தான்.

அந்தப் பெண்பிள்ளைக்கு வேண்டியது என்ன? நம் ஸ்கூடாய் ஆறு. கூலாய், செனாய் வழியாக ஓடி ஜொகூர் நீரிணையில் விழும் ஆறு. இந்த ஆற்றின் தண்ணீர் சாதாரண விஷயம் இல்லை. 1961-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஸ்கூடாய், குனோங் பூலாய் நீர் நிலையங்களைச் சிங்கப்பூர்தான் நடத்தியது. 2011 ஆகஸ்டு 31-ஆம் தேதி அந்த ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் ஜொகூரிடம் ஒப்படைத்தது. இந்த ஆற்றை யூ.டி.எம். மாணவர்கள் பாட்டிலில் பிடித்துப் பிடித்துச் சோதித்திருக்கிறார்கள். மலேசியாவில் ஆற்று நீரின் தரத்தை ஆறு அளவுகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள்: கரைந்திருக்கும் உயிர்வளி, இரண்டு வகையான உயிர்வளித் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் கழிவுத் துகள், பி.எச். அளவு. இதை வைத்து ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புப் பிரிப்பார்கள். ஒன்றாம் வகுப்பு மிகச் சுத்தம், ஐந்தாம் வகுப்பு எதற்கும் உதவாது. ஸ்கூடாய் ஆற்றைப் பற்றிய ஆய்வேடுகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அங்கே இருக்கின்றன. நான்காம் படிவப் பிள்ளைக்கு அந்த மலாய் புரியும். தன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை அவள் தெரிந்துகொள்ளலாம், தகப்பனாருக்கும் சொல்லலாம்.

"பரீட்சைக்கு வராத விஷயத்தைத் தெரிந்து என்ன செய்வது" என்று கேட்பவர்கள் உண்டு. 2019 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். காற்றைச் சுவாசித்த பள்ளிப் பிள்ளைகள் மயங்கினார்கள். 111 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. அன்று எத்தனை பெற்றோருக்கு அது என்ன வாயு, பிள்ளையின் நுரையீரலை என்ன செய்யும் என்று கேட்கத் தெரிந்தது? கேட்கத் தெரியாதவனுக்குப் பதில் சொல்ல யாருக்கும் அவசரம் இருப்பதில்லை.

இதைவிடப் பழைய கதை ஒன்று நம் தோட்டங்களில் இருக்கிறது. உங்கள் அம்மாவோ பாட்டியோ முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்திருப்பார்கள். நஞ்சை மருந்து என்று அழைக்கப் பழக்கியதே ஒரு கொடுமை, அது இருக்கட்டும். அவர்கள் அடித்ததில் முக்கியமானது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. கிரமோக்சோன் என்றால் பலருக்குத் தெரியும். அந்தப் பெண்களுக்கு நகம் கறுத்து விழுந்தது, மூக்கில் இரத்தம் வந்தது, தோல் வெந்தது. கிராணியிடம் சொன்னால் "கையுறை போடவில்லையா" என்பார். இந்த வெயிலில் ரப்பர் கையுறை போட்டு நாள் முழுக்க வேலை செய்ய முடியுமா என்று அவரிடம் யார் கேட்பது?

சுவீடன் நாடு பாராகுவாட்டை 1983-இலேயே தடை செய்தது. உடலுக்குள் போனால் அது நுரையீரலைத் தாக்கும், அதற்கு மாற்று மருந்து இல்லை என்பதெல்லாம் அதற்கு முன்பே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது. அந்த இதழ்களை வாங்கி வைத்திருப்பது பல்கலைக்கழக நூலகங்கள்தான். அதாவது, உங்கள் அம்மா அடித்தது என்ன என்ற தகவல் இந்த நாட்டிலேயே அலமாரியில் இருந்தது. அம்மாவுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. 2002-இல் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக நம் அரசாங்கம் அறிவித்தது. அதே ஆண்டில்தான் தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் தோட்டத்துப் பெண் தொழிலாளர்களைச் சோதித்து எழுதிய அறிக்கை வெளிவந்தது. 2006-இல் தோட்ட முதலாளிகள் குரல் கொடுத்ததும் அந்த முடிவு தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை வந்தது. சுவீடனுக்கும் நமக்கும் நடுவில் 37 வருடம். அந்த 37 வருடத்தில் மருந்தடித்தவர்களில் பெரும்பகுதி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் போராட்டத்தில் வழக்கறிஞர்களும் தொண்டர்களும் கூச்சல் போட்டு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. இரத்தப் பரிசோதனையும், ஆய்வுக் கட்டுரையும், எண்ணும் கையில் இருந்ததால்தான் அவர்கள் பேச்சு எடுபட்டது. நீதிமன்றத்திலும் அப்படித்தான். "என் கட்சிக்காரருக்கு உடம்பு சரியில்லை" என்றால் நீதிபதி அனுதாபப்படுவார், அவ்வளவுதான். எந்த இரசாயனம், எத்தனை நாள், எந்த உறுப்பு என்று அச்சிட்ட ஆதாரத்தோடு போனால் வழக்கே வேறு. இன்று தொழிற்சாலையில் கரைப்பான், பசை, சாயம் என்று கையாளும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்கிறேன். 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆபத்தான இரசாயனத்தோடு ஒரு பாதுகாப்புத் தகவல் தாள் வர வேண்டும், அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். சூப்பர்வைசரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். அதில் இருக்கும் பெயரை எழுதிக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள்.

செம்பனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பெல்லாம் செம்பனைப் பூவுக்கு மகரந்தத் தூளைக் கையாலேயே தூவ வேண்டும். நம் ஆட்கள் மரம் மரமாகப் போய்ச் செய்தார்கள். 1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு அந்த வேலையைச் செய்தது, காய்ப்பு கூடியது, கையால் தூவும் வேலை போனது. விஞ்ஞானத்துக்கு அது பெரிய வெற்றிதான், குறை சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தில் ஏன் திடீரென்று அந்த வேலை இல்லாமல் போனது என்று எத்தனை குடும்பத்துக்கு அன்று விளக்கப்பட்டது? நம் வாழ்க்கையை மாற்றிய முடிவெல்லாம் நாம் படிக்காத தாளில் எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது சட்டம். நேர்மையாகச் சொல்கிறேன்: பல்கலைக்கழகத்தில் படிக்காத ஒருவர் அதன் நூலகத்துக்குள் போக உரிமை உண்டு என்று எந்தச் சட்டமும் நேரடியாகச் சொல்லவில்லை. வெளியாருக்கு நிபந்தனை வைக்கலாம், கட்டணம் கேட்கலாம், அடையாள அட்டை கேட்கலாம். ஆனால் கூட்டரசு அரசமைப்பின் 12-வது பிரிவு, பொது அதிகாரத்தால் நடத்தப்படும் கல்வி நிலையத்தின் நிர்வாகத்தில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் பார்த்துக் குடிமக்களிடையே பாகுபாடு கூடாது என்கிறது. 153-வது பிரிவைக் காட்டி மாணவர் இடங்களை ஒதுக்குகிறார்கள், உபகாரச் சம்பளத்தை ஒதுக்குகிறார்கள். அந்தப் பிரிவில் புத்தக அலமாரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மற்ற வெளியாருக்கு எந்த நிபந்தனையோ அதே நிபந்தனைதான் உங்களுக்கும்.

நம் இயக்கத்தின் மேலும் எனக்குக் குறை உண்டு. மெட்ரிகுலேஷன் இடங்களில் 90-க்கு 10 என்ற பங்கீட்டை எதிர்த்து ஆண்டுதோறும் அறிக்கை விடுகிறோம், விடத்தான் வேண்டும். 2024-இல் 10 ஏ எடுத்த எல்லாருக்கும் இனம் பாராமல் இடம் என்று பிரதமர் அறிவித்தது அந்தச் சத்தத்தால் வந்த பலன் என்றே நினைக்கிறேன். ஆனால் 10 ஏ எடுக்கும் பிள்ளையை உருவாக்கும் புத்தகம் எங்கே இருக்கிறது என்று நாம் பேசுவதில்லை. சங்கத்து விருந்துக்கு மேசை மேசையாகப் பணம் திரட்டுகிறோம். ஒரு வேன் பிடித்துப் பிள்ளைகளை நூலகத்துக்கு ஏற்றிப்போக யாரும் முன்வருவதில்லை.

நம் முன்னோர் இப்படி இல்லை. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வரும்போது அங்கே தமிழுக்கு என்ன இடம் என்ற கேள்வி எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். பல்கலைக்கழகப் படியை மிதிக்காத மக்கள், பால் மரம் வெட்டியவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ஒரு வெள்ளி இரண்டு வெள்ளி என்று கொடுத்தார்கள். அந்தப் பணம் நூலகத்தில் தமிழ்ப் புத்தகமாக ஆனது. அன்றைய கூலியில் ஒரு வெள்ளி என்றால் என்னவென்று வீட்டில் இருக்கும் பெரியவரைக் கேளுங்கள். தாத்தா பல்கலைக்கழக நூலகத்துக்குப் பணம் கொடுத்தார். பேரன் வாசலில் நின்று விடுவார்களா என்று கேட்கிறான்.

சரி, எப்படிப் போவது? முதலில் நூலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, வெளியாருக்கு எந்த நாள், எந்த நேரம், கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பள்ளி ஆசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கினால் இன்னும் நல்லது. பட்டியலை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலக வகைப்பாட்டில் அடுக்கியிருந்தால் இந்த எழுத்துகளை மனத்தில் வையுங்கள்: கியூ.எச். என்றால் இயற்கையும் உயிரியலும், கியூ.கே. செடி கொடி, கியூ.எல். விலங்கு பறவை, எஸ். விவசாயம், டி.டி. தண்ணீரும் கழிவும், ஆர்.ஏ. பொதுச் சுகாதாரமும் நஞ்சும். காசு கொடுத்து வாங்க முடியாத வெளிநாட்டு ஆய்விதழ்களை, நூலகத்துக்குள் வந்து உட்காருபவர் அங்குள்ள கணினியில் படிக்கப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. அதையும் கேளுங்கள்.

போக முடியாத குடும்பத்துக்கும் வழி உண்டு. யூ.டி.எம். தன் ஆய்வுகள் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அதன் ஜூர்னால் தெக்னோலோகி, யூ.கே.எம்.-இன் சைன்ஸ் மலேசியானா, செம்பனை வாரியத்தின் ஆய்விதழ் எல்லாவற்றையும் காசில்லாமல் படிக்கலாம். ஆங்கிலமோ மலாயோ தடுமாறினால் பிள்ளையும் நீங்களும் சேர்ந்து உட்காருங்கள். மருந்தடித்த அனுபவம் உங்களிடம், மொழி பிள்ளையிடம்.

அந்தத் தகப்பனாருக்கு அன்று நான் சொன்ன பதில்: "கேட்டுப் பார்க்காமல் அவர்கள் விடவில்லை என்று நாமே முடிவு செய்ய வேண்டாம். வரும் சனிக்கிழமை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள், நானும் வருகிறேன்." நீங்களும் விசாரியுங்கள். முடியாது என்று சொன்னால், யார் சொன்னார், என்ன காரணம் சொன்னார், எந்தத் தேதி என்று எழுதி வைத்து எங்களுக்கு அனுப்புங்கள். கடிதம் எழுதுவது என் வேலை.