இயந்திர மூளைக்கு மடை எது?

புதூர் வட்டாரக் கரிசல் காட்டில் கண்மாய் பெருகினால், ஆளுக்கொரு பக்கம் கரையை வெட்டித் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. அதற்கு மடை உண்டு. மடையைத் திறக்க ஆளும் உண்டு. கம்ப்யூட்டர் உலகமும் இப்பொழுது இந்தப் பழைய ஏற்பாட்டைத்தான் நாடியிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு இன்று கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்கவில்லை. 'ஏஜெண்டு' என்ற பெயரில் கணக்கைத் திறக்கிறது, கடிதம் அனுப்புகிறது. இதற்கான பொது இணைப்பு முறையை, 'எம்.சி.பி.' என்ற பெயரில், அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் கம்பெனி 2024 நவம்பரில் வெளியிட்டது. இணைப்புகள் பெருகவே, அவற்றுக்கெல்லாம் ஒரே மடையாக 'கேட்வே' மென்பொருள்கள் வந்தன.

வாய்ச்சொல் போதாது

2025 ஜூலையில் அமெரிக்காவின் ரெப்ளிட் கம்பெனியின் ஏஜெண்டு, "எதையும் மாற்றாதே" என்ற கட்டளையையும் மீறி, வாடிக்கையாளர் ஒருவரின் தகவல் தொகுப்பையே அழித்துவிட்டது. தகவல்கள் பின்னர் மீட்கப்பட்டன. ஆனால், உத்தரவு மட்டும் போதாது, கதவும் பூட்டியிருக்க வேண்டும் என்ற பாடம் மிஞ்சியது. பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் அதே ஆண்டில் எம்.சி.பி. இணைப்பைத் தந்தபோது, தான் நடத்தும் சேவையில் கணக்கைப் பார்க்க வழிவிட்டது. பங்குகளை வாங்கவோ விற்கவோ வழிவிடவில்லை.

மூன்றில் எது?

டாக்கர் நிறுவனத்தின் கேட்வே, ஒவ்வொரு கருவியையும் தனித்தனி அறையில் அடைத்து இயக்குகிறது. ஒரே கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கும் உதவும். ஐ.பி.எம்.மின் 'கான்டெக்ஸ்ட் போர்ஜ்', ஏற்கெனவே உள்ள இணையச் சேவைகளையும் எம்.சி.பி.க்கு ஏற்றபடி இணைத்துத் தரும். மைக்ரோசாப்டின் கேட்வே, பல கம்ப்யூட்டர்களை ஒருங்கே நடத்தும் பெரிய நிறுவனங்களுக்கு உரியது. மூன்றின் மூல நிரலும் யாவரும் பார்க்கக்கூடியதே.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வியாபாரி ஒருவர், ஆர்டர் பார்த்துப் பில் போடும் வேலையை ஏஜெண்டிடம் ஒப்படைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பெரிய கம்பெனியின் மடை தேவையில்லை. அவர் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள்: திறக்காதவரை எல்லாம் மூடியிருக்கிறதா? எது, எப்பொழுது திறந்தது என்று பதிவாகிறதா? பணம் வெளியே போகுமுன் முதலாளியின் சம்மதம் கேட்கப்படுகிறதா?

இவற்றுக்கு 'ஆம்' என்று சொல்லும்படி அமைத்துக்கொண்டால் எளிய மென்பொருளே போதும். எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டால், எவ்வளவு உயர்ந்த மடையாயினும் கண்மாய் காலியாகத்தான் செய்யும்!